நூருல்லா பாய் ஏறி நின்ற தராசு

அந்தப் பொன்னாடையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். ஆயுத பூஜை அன்று கம்பெனியில் எல்லோரையும் உட்கார வைத்து, பொரி கடலை கொடுத்து முடித்த பிறகு, முதலாளி லிங்கசாமி மைக்கைப் பிடித்து நூருல்லா பாயை முன்னால் கூப்பிட்டார்.

"நம்ம பாயைப் பாருங்க. போன வருசம் இவரு உட்கார்ந்தா நாற்காலி அழும். இன்னைக்கு மாப்பிள்ளையாட்டம் நிக்கறாரு. மனுசன்னா இப்படி உடம்பைக் கட்டுல வெச்சிருக்கோணும். எல்லாரும் கத்துக்கோங்க."

சொல்லிவிட்டு, கரை போட்ட ஒரு பொன்னாடையை எடுத்துப் போர்த்தினார். தையல் செக்‌ஷன் பெண்கள் கை தட்டிய தட்டில் கூரைத் தகரம் அதிர்ந்தது. பாய் வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தார்.

அந்த நேரத்தில் அவருடைய இடது சிறுநீரகத்தில் சாத்துக்குடி அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. அதுதான் அவரை உள்ளே இருந்து தின்றுகொண்டிருந்தது. அந்தக் கட்டிக்குத்தான் இவர்கள் பொன்னாடை போர்த்தினார்கள்.

என் மனைவி கோமளா சொல்லுவாள், "அவங்களுக்கு என்னங்க தெரியும்? நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சாங்க" என்று. இருக்கலாம். லிங்கசாமி நல்ல மனிதர்தான். விஷயம் தெரிந்த பிறகு பாயின் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று, உள்ளே வரத் தைரியம் இல்லாமல் திரும்பிப் போனவர். அதற்காகக் கோபம் போய்விடுமா? இன்றைக்கும் யாராவது யாரையாவது பார்த்து "இளைச்சுட்டீங்களே, சூப்பரா இருக்கீங்க" என்று சொன்னால், நான் நடுவில் புகுந்து "டெஸ்ட் எடுத்துப் பார்த்தீங்களா?" என்று கேட்டுவிடுவேன். ஒரு கல்யாண மண்டபத்தில் அப்படிக் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன்.

என் பெயர் கிட்டுசாமி. டெம்போ ஓட்டுகிறேன். ஊரில் குட்டி யானை என்பார்களே, அந்த வண்டி. நிட்டிங்கில் இருந்து சாயப்பட்டறைக்கும், சாயப்பட்டறையில் இருந்து கம்பெனிக்கும் துணி ரோல் ஏற்றி இறக்குவது என் பிழைப்பு. நூருல்லா பாய் அந்தக் கம்பெனியின் துணி குடோனுக்குப் பொறுப்பு. ரோலைத் தராசில் ஏற்றி எடை பார்த்து இறக்கிக்கொள்வது அவர் வேலை. தாராபுரத்தில் இருந்து மீசை முளைக்காத வயதில் திருப்பூர் வந்தவர்.

எங்கள் பழக்கம் சண்டையில் ஆரம்பித்தது. சாயப்பட்டறையில் சில பேர் துணியை முழுசாகக் காய விடாமல் அனுப்பி வைப்பார்கள். ஈரம் இருந்தால் எடை கூடக் காட்டும். அதற்கு எங்கள் பக்கத்தில் ஈர வெயிட் என்று பெயர். பாய் ரோலின் மடிப்புக்குள் புறங்கையை விட்டுப் பார்ப்பார்.

"ஏனுங்க கிட்டண்ணா, இது துணியா, இல்ல உங்க ஊட்டுல தொவைச்ச வேட்டியா? புழிஞ்சா ஒரு டம்ளர் தண்ணி வரும். திருப்பி எடுத்துட்டுப் போங்க."

"பாய், நான் டிரைவரு. என்ற கிட்ட ஏன் பாயறீங்க?"

"நீங்கதானே கொண்டாந்தீங்க? அந்தத் தண்ணியைத் தனியாக் குடத்துல கொண்டாந்திருந்தாக் கூட நாங்க ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டோம்."

டீசல் போனதுதான் மிச்சம் என்று திட்டிக்கொண்டே திரும்பிப் போவேன். அடுத்த நடை வரும்போது டீ வாங்கி வைத்திருப்பார்.

அவ்வளவு பெரிய உடம்பு அவருக்கு. வண்டியில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தால் வண்டி ஒரு பக்கம் சாயும். "குட்டி யானையில பெரிய யானை ஏறியாச்சு, போலாம் ரைட்" என்று அவரே சொல்லிக்கொள்வார். ரோல் தூக்குகிற வடநாட்டுப் பையன்கள் மோட்டா பாய், அதாவது குண்டு பாய், என்று கூப்பிடுவார்கள். கோபப்பட மாட்டார். இடுப்பில் கைலிக்கு மேல் அகலமான பச்சை பெல்ட். அந்த பெல்ட்டின் கடைசி ஓட்டையும் போதாமல், ஆணியைப் பழுக்கக் காய்ச்சித் தானே ஒரு ஓட்டை போட்டிருந்தார்.

குடோனில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதல் ரோலை ஏற்றுவதற்கு முன்னால் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு எடைக்கல் இருக்கிறது. ஆனால் கல்லை யார் தூக்கிக்கொண்டு வருவது? பாய் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறி நிற்பார். நூற்றி எட்டு காட்டும். "தராசு பாஸ்" என்று இறங்குவார். வருடக்கணக்காக இதுதான் நடந்தது. பண்டிகைக்குப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்த மறுநாள் மட்டும் நூற்றி ஒன்பது காட்டும். அதற்கு ஒரு கிலோ தள்ளுபடி கொடுத்துவிடுவார்கள்.

அந்த வருடம் ஆடி மாதம் வாக்கில் தராசு நூற்றி நாலு காட்டியது.

"தராசு கெட்டுப்போச்சு" என்றார் பாய்.

அவர் சொன்னால் அங்கே மறுபேச்சு இல்லை. அடியில் தூசி போயிருக்கும் என்று தூக்கிப் பார்த்தார்கள். தரை சாய்ந்திருக்கும் என்று இடம் மாற்றி வைத்தார்கள். கொஞ்ச நாளில் நூற்றி ஒன்று. அப்புறம் இரண்டு இலக்கத்துக்கு வந்துவிட்டது. ரோல் எல்லாம் குறைவாகக் காட்டுகிறது என்று நினைத்து, சாயப்பட்டறைக்காரர்களிடம் பாய் வலியப் போய், "எங்க தராசுல கோளாறு, உங்களுக்குச் சேர்த்துப் போட்டுத் தந்தறேன்" என்று சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு ஆச்சரியம். ஈரத் துணியைத் திருப்பி அனுப்புகிற பாயா இது என்று.

கடைசியில் தராசு மெக்கானிக் கருப்புசாமியை வரச் சொன்னார்கள். அவன் முத்திரை போட்ட எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றினான். இருபது கிலோக் கல்லுக்கு இருபது. ஐம்பதுக்கு ஐம்பது. குண்டுமணி வித்தியாசம் இல்லை.

"பாய், தராசுல ஒரு கொறையும் இல்லீங்க. நீங்கதான் இளைச்சிருக்கீங்க."

குடோனே சிரித்தது. நானும் அப்போது ரோல் இறக்கிக்கொண்டு அங்கேதான் இருந்தேன். மெஷினைச் சந்தேகப்பட்ட மனிதன், உடம்பைச் சந்தேகப்படவில்லையே என்று கேலி பேசினோம். பாய் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். அது எப்போதோ பழைய ஓட்டைக்கு வந்துவிட்டிருந்தது. அதற்குப் பின்னால் வந்ததுதான் அந்தப் பொன்னாடை.

தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் அவசரத்தில் இரண்டு பேரும் பல்லடம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். பாய் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். புதருக்குப் பின்னால் போய்விட்டு வந்து ஏறி உட்கார்ந்தவர், கதவைச் சாத்தவில்லை.

"கிட்டண்ணா, ஒண்ணுக்குப் போனா மெரூன் கலர்ல வருதுங்க."

"பீட்ரூட் தின்னீங்களா?"

"இல்லீங்க. ஒரு வாரமா இப்படித்தான் வருது. சாயத் தண்ணியாட்டம்."

"ஊட்டுல சொன்னீங்களா?"

"சொன்னா அவ அழுவா."

லோடைக்கூட இறக்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பினேன்.

அப்புறம் கோயமுத்தூர், ஸ்கேன், ஆபரேஷன். இடது சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் நுரையீரலில் சின்னச் சின்னதாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. புற்றுநோய் அங்கேயும் போய் உட்கார்ந்துவிட்டது என்றார்கள். மாத்திரையில் கட்டுப்படுத்திப் பார்க்கலாம் என்றார்கள். கட்டுப்படுத்தலாம் என்றுதான் சொன்னார்கள், குணப்படுத்தலாம் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் அன்றைக்கு எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை, பாயின் மனைவி சைதுன்னிசாவைத் தவிர. அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையாகப் பேசினார். முதலில் கேட்டதே எடையைத்தான்.

"முன்னாடி எவ்வளவு இருந்தீங்க?"

"நூத்தி எட்டுங்க."

"இப்ப எண்பத்தி ஆறு." டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இந்த நோயில ஒரு விசித்திரம் இருக்குங்க. உடம்பு பருமனா இருக்கறவங்களுக்கு இது வர்ற வாய்ப்பு கொஞ்சம் அதிகம். ஆனா வந்ததுக்கு அப்புறம் பார்த்தா, சதைப்பிடிப்பா இருந்தவங்க ஒல்லியா இருந்தவங்களை விடக் கொஞ்சம் கூடுதலாத் தாக்குப்பிடிக்கறாங்கன்னு நிறைய ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க. ஏன்னு முழுசா யாருக்கும் தெரியலை."

பாய் கேட்டார்: "அப்ப வம்பை இழுத்துட்டு வந்தவனே வக்கீலாவும் நிக்கறானுங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்: "அதுக்காகக் கண்டதைத் தின்னு குண்டாகச் சொல்லலை. ஆனா எடை தானா இறங்கறது நல்லதுக்கில்லை. இந்த மாத்திரை கடுமையானது. உடம்பு தாங்குற வரைக்கும்தான் தர முடியும். இறங்கிக்கிட்டே போனா நிறுத்த வேண்டி வரும். இருக்கற எடையைப் பிடிச்சு வைங்க."

அன்றிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை. எடை நின்றால் மாத்திரை நிற்காது, மாத்திரை நிற்காவிட்டால் மனிதன் இருப்பான். அவ்வளவுதான் கணக்கு. சைதுன்னிசா ஒரு கடையைச் சமையலறைக்குள் கொண்டுவந்து வைத்ததைப் போலச் சமைத்தது. முட்டை, ஆட்டுக்கால் சூப்பு, பாதாம் அரைத்த பால். மூத்த மகன் முதஸ்ஸிர் ஓர் எக்ஸ்போர்ட் ஆபீசில் மெர்ச்சண்டைசர். அவன் போனில் தேடித் தேடி ஏதேதோ பவுடர் வாங்கி வந்தான்.

வீட்டில் எடை பார்க்க ஒரு மெஷின் வாங்கினான். பாய் அதில் ஏற மறுத்துவிட்டார்.

"இது வெளையாட்டுச் சாமானம்டா. முத்திரை இல்லை. குடோன் தராசுதான் பொய் சொல்லாது."

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் நான் பள்ளிவாசலில் இருந்து அவரை ஏற்றிக்கொண்டு குடோனுக்குப் போவேன். லிங்கசாமி அவருக்குச் சம்பளம் நிறுத்தவில்லை. முடிந்தபோது வந்து உட்கார்ந்தால் போதும் என்று சொல்லியிருந்தார். பாய் செருப்பைக் கழற்றுவார். தராசின் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். வருடக்கணக்கில் யோசிக்காமல் ஏறிய தராசு. இப்போது குளிக்கப் போகிறவன் தண்ணீரைக் காலால் தொட்டுப் பார்ப்பது போல ஒரு காலை வைத்து, பிஸ்மி சொல்லி, மற்றக் காலை வைப்பார். தராசின் சிவப்பு எண் ஓடி ஓடி நிற்கும். நின்றவுடன் அவர் போன் அடிக்கும். சைதுன்னிசாதான்.

"எத்தனை?"

சாப்பிட்டீங்களா, மயக்கம் வந்ததா, ஒன்றும் கிடையாது. எத்தனை என்று ஒரே வார்த்தை. இன்றைக்கும் கடையில் "வாழைப்பழம் எத்தனைங்க?" என்று யாராவது கேட்டால்கூட ஒரு நொடி திக்கென்று இருக்கும்.

மாத்திரை தன் வேலையைக் காட்டியது. தாடி ஒரு மாதத்தில் நரைத்துப்போயிற்று. உள்ளங்கை தோல் உரிந்து, ரோலைத் தொட்டுப் பார்க்கவே முடியவில்லை. வயிற்றுப்போக்கு. எல்லாவற்றையும் விட மோசம், வாய் செத்துப்போனது. "பிரியாணியைத் தின்னாலும் தகர டப்பாவை நக்கற மாதிரி இருக்குதுங்க" என்பார். ருசி பார்த்துத் தின்ற மனிதனுக்கு ருசி இல்லாமல் தின்பது தண்டனை. ஆனாலும் தின்றார். மாத்திரை விழுங்குகிற முகத்தோடு சோற்றை விழுங்கினார்.

அப்போது நோன்பு வந்தது.

பாய் ஏழு வயதில் இருந்து நோன்பு விட்டதில்லை. சாயப்பட்டறை வெக்கையில் நிற்கிற நாளிலும் எச்சில் விழுங்காமல் நின்றவர். பள்ளிவாசல் ஹஸ்ரத்து வீட்டுக்கே வந்து, நோயாளிக்கு நோன்பு கடமை இல்லை, மார்க்கமே விட்டுக்கொடுத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டரும் கூடவே கூடாது என்றார். சரி என்று தலையாட்டினார். ஆனால் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது? வீட்டில் எல்லோரும் நோன்பு. தெரு முழுக்கச் சொந்தக்காரர்கள். குடோனில் அவருக்குக் கீழே வேலை பார்க்கிற பையன்களில் பாதிப் பேர் நோன்பு. அவர்கள் எதிரில் பகலில் கையை நனைக்க அவரால் முடியவில்லை.

அதனால் மதியம் ஆனால் என் வண்டி கேபின்தான். வெயிலுக்கு என்று சொல்லி இரண்டு பக்கக் கண்ணாடியிலும் துணி மாட்டினேன். சைதுன்னிசா தான் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், உப்புக்கூடப் பார்க்காமல் சமைத்து, டிபன் பாக்ஸைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுக்கும். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் பாய் குனிந்து, டேஷ்போர்டுக்குக் கீழே தலையை வைத்துக்கொண்டு சாப்பிடுவார். திருடித் தின்கிற பையன் மாதிரி.

"நிமிந்து உட்கார்ந்து சாப்பிடுங்க பாய். புரையேறும்."

"யாரோ வர்றாப்பல இருக்குது. பாருங்க."

"ஒருத்தனும் வரல. வந்தாலும் என்ன? தலையையா எடுத்துருவாங்க?"

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்குப் புரியாது."

ஒருநாள் பள்ளிவாசல் பெரியவர் ஒருவர் வண்டி ஓரமாக நடந்துபோனார். பாய் வாயில் வைத்த கவளத்தை விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல், கண்ணில் தண்ணீரோடு அப்படியே உறைந்து உட்கார்ந்திருந்தார். துப்பினால் எடை போகும். அவ்வளவு பெரிய பயத்தை ஒரு கவளச் சோற்றில் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த மாதம் முழுவதும் எடை நின்றது. எழுபத்தி ஒன்பது. அடுத்த வெள்ளியும் எழுபத்தி ஒன்பது. சைதுன்னிசா போனில் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லுவது எனக்கே கேட்கும். எனக்கு மட்டும் சந்தேகம். கன்னம் ஒட்டிப்போகிறது, கைலி இடுப்பில் நிற்கவில்லை, எடை மட்டும் எப்படி நிற்கும்?

ஒரு வெள்ளி அவர் தராசில் இருந்து இறங்கும்போது பெல்ட்டுக்குள் இருந்து ஏதோ நழுவித் தரையில் விழுந்தது. விழுந்த சத்தத்தில் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னுங்க பாய் அது?"

"பர்சு."

"பர்சு விழுந்தா டைல்ஸ் உடையுங்களா?"

கட்டிங் டேபிளில் துணி அடுக்கு நகராமல் இருக்க மேலே வைக்கிற இரும்புக் கட்டி. அதைப் பெல்ட் பைக்குள் வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறார். இன்னொன்று உள்ளேயே இருந்தது. எடை குறையக் குறையக் கட்டியைக் கூட்டியிருக்கிறார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கையைப் பிடித்து வெளியே வண்டிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கத்தினேன். "ஊருக்கெல்லாம் ஈர வெயிட்டுன்னு சட்டம் பேசிட்டு இப்ப நீங்க இரும்பு வெயிட்டு போடறீங்களா? யாரை ஏமாத்தறீங்க? டாக்டரு முன்னாடியும் இதைக் கட்டிட்டுப் போவீங்களா?"

"டாக்டரம்மா பெல்ட்டைக் கழட்டச் சொல்லிருவாங்க" என்றார் மெதுவாக. "கிட்டண்ணா, அவ எத்தனைன்னு கேக்கறப்ப நீங்க போனை வாங்கிச் சொல்லிப் பாருங்க, கொறைஞ்சிருக்குன்னு. உங்களால முடியுதான்னு பாக்கறேன். என்னால முடியலீங்க. பயமா இருக்குது."

அவ்வளவு வருடத்தில் அந்த வாயில் இருந்து பயம் என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. என்னால் மேற்கொண்டு கத்த முடியவில்லை. இரும்பைக் கழித்துத் திரும்ப ஏற்றிப் பார்த்தோம். எழுபத்தி ஐந்து. அவரிடம் போனை வாங்கி நானே சொன்னேன். அந்தப் பக்கத்தில் இருந்து, "சரிங்கண்ணா, நாளைக்கு இன்னும் ஒரு முட்டை சேத்து வைக்கறேன்" என்று மட்டும் வந்தது.

பெருநாள் முடிந்த பிறகு ஓர் அதிசயம் நடந்தது. எழுபத்தி ஐந்து எழுபத்தி ஆறு ஆயிற்று. நான் பெல்ட்டை அவிழ்க்கச் சொல்லி, கைலி மடிப்பைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சட்டையைக் கழற்றச் சொன்னேன். அடுத்த வாரம் எழுபத்தி ஒன்பது. இரும்பு இல்லாத எழுபத்தி ஒன்பது! அதற்கடுத்த வாரம் எண்பத்தி ஒன்று.

குடோனில் பையன்கள் "மோட்டா பாய் வாபஸ்!" என்று, பாய் திரும்பி வந்துவிட்டார் என்பதை இந்தியில் கத்தி, ஒருவன் துணி ரோலின் மேல் ஏறி ஆடினான். சைதுன்னிசா போனிலேயே அழுதது. அன்றைக்கு அவர்கள் வீட்டில் நெய்ச்சோறு ஆக்கி, தெருவில் பத்து வீட்டுக்குக் கொடுத்தார்கள். எனக்கும் தூக்குப் போசியில் வந்தது. கோமளா வாங்கி வைத்துவிட்டு, "பாய் மொகம் தெளிவா இருக்குதுங்களா?" என்று கேட்டாள். நான் முகத்தைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தராசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை கோயமுத்தூர் போனபோது பாய் வீரன் மாதிரி உள்ளே நுழைந்தார். கால் வீங்கியிருந்ததால் செருப்பு நுழையவில்லை. வெறுங்காலோடு வந்தார். அது எங்களுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. சதை போட்டிருக்கிறது என்று நினைத்தோம்.

"டாக்டரம்மா, எண்பத்தி ஒண்ணுங்க!"

டாக்டர் சந்தோஷப்படவில்லை. படுக்கச் சொன்னார். கைலியை முட்டி வரைக்கும் ஏற்றி, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினார். எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே நின்றது. பிசைந்த மாவில் அழுத்தின மாதிரி. மறுபடியும் மேலே அழுத்தினார். அங்கேயும் குழி.

குழி நிரம்புவதை நாங்கள் நான்கு பேரும் பார்த்துக்கொண்டு இருந்தோம். நான், பாய், சைதுன்னிசா, முதஸ்ஸிர். அவ்வளவு மெதுவாக நிரம்பிற்று.

பாய்தான் முதலில் பேசினார். "ஈர வெயிட்டுங்களா?"

டாக்டருக்கு அது என்னவென்று தெரியாது. "என்ன கேட்டீங்க?"

"தண்ணிதானுங்களே? சதை இல்லையே?"

"ஆமாங்க. நீர் கோத்திருக்கு. உடம்புல சத்து இறங்கினதால, மாத்திரையாலயும் இருக்கலாம். தண்ணியைக் கழிச்சுப் பார்த்தா..." என்று சொல்லிவிட்டு, டாக்டர் சைதுன்னிசாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவர் நிறுத்தியும் பிரயோஜனம் இல்லை. மடிப்புக்குள் கையை விட்டவுடன் ஈரம் என்று சொல்கிற மனிதர், தன் காலுக்குள்ளேயே ஈரம் சேர்ந்திருந்ததை மூன்று வாரமாகக் கண்டுபிடிக்கவில்லை. அந்த ஈரத் துணியையே இருபது வருடம் சுமந்து திரும்பிப் போன நானும் கண்டுபிடிக்கவில்லை. நெய்ச்சோறு ஆக்கித் தின்றோம்.

மாத்திரையை நிறுத்தினார்கள். கொஞ்ச நாள் பார்க்கலாம், உடம்பு தேறினால் வேறு மருந்து யோசிக்கலாம் என்றார்கள். நீர் இறங்க ஊசி போட்டார்கள். நீர் இறங்கியது. இறங்கின பிறகு கீழே இருந்தது என்னவென்று தெரிந்தபோது, சைதுன்னிசா பாயின் காலுக்கு எப்போதும் போர்வை போட்டே வைத்தது. வெயில் காலத்திலும் எடுக்க விடவில்லை.

அதற்குப் பிறகு தராசுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் பழக்கத்தில் என் வண்டி அந்தத் தெருவுக்குத் தானாகப் போய் நின்றுவிடும். போன் மட்டும் அடிக்காது. அடிக்காததுதான் அதைவிடப் பயமாக இருந்தது.

ஒருநாள் அவரைக் கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டி இருந்தது. முதஸ்ஸிர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் பழைய ஞாபகத்தில் மூச்சைப் பிடித்து, காலை ஊன்றித் தூக்கினேன். தூக்கின வேகத்தில் அவர் என் தோளுக்கு மேலே வந்துவிட்டார். காலி அட்டைப்பெட்டியைக் கனம் என்று நினைத்துத் தூக்கினால் வருமே, அந்த மாதிரி. முதஸ்ஸிர் என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரும் உடனே வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். பாய் கண்ணை மூடியிருந்தார். தெரியாது என்று நினைத்தேன்.

தெரிந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்து மத்தியானம் போயிருந்தேன். முதஸ்ஸிர் மருந்துக் கடைக்குப் போயிருந்தான். பாய் மனைவியைப் பார்த்து, "அண்ணனுக்கு டீ போடு. சீனி நெறையப் போடு, கசப்பு மூஞ்சி அது" என்றார். அந்த அம்மா உள்ளே போனதும் என் கையைப் பிடித்து இழுத்தார். இழுத்தது என்று சொல்வது தப்பு. ஈ உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. நான்தான் குனிந்தேன்.

"கிட்டண்ணா, ஒரு வேலை இருக்குது. செஞ்சு குடுப்பீங்களா?"

"சொல்லுங்க பாய்."

"அன்னைக்கு நீங்க என்னைத் தூக்குனப்ப என்ற பையன் மொகம் போன போக்கை நான் பார்த்துட்டேன்."

"நீங்க கண்ணை மூடிட்டு..."

"சும்மா கேளுங்க. நாளைக்கு நான் போயிட்டா சந்தூக்குப் பெட்டியில வெச்சுத் தூக்குவாங்க. பையன் முன்னாடி நிப்பான். நம்ம சனம் வாயைக் கட்டாது. தூக்கினவுடனே எவனாவது ஒருத்தன் சொல்லுவான், அய்யோ பாய் எப்படி இருந்தாரு, இப்பக் கனமே இல்லையேன்னு. அது அவன் காதுல விழுந்தா அவன் சாகற வரைக்கும் அது போகாது. அவனுக்கு மட்டுமில்ல, என்ற சம்சாரம் ஊட்டு வாசல்ல நின்னு கேட்டுட்டு இருப்பா. அவ ஆக்கிப்போட்ட அத்தனை சோறும் வீணுன்னு நெனப்பா."

மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். உதட்டை நனைத்துக்கொண்டார். உள்ளே டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. அவசர அவசரமாகச் சொன்னார்:

"நீங்க அவன் பக்கத்துலயே தோள் குடுங்க. வேற யாரையும் அங்க விடாதீங்க. தூக்கினவுடனே காலை ஊனித் தள்ளாடோணும். மூச்சு வாங்கோணும். அப்புறம் வாசல் வரைக்கும் கேக்கற மாதிரி சத்தமாச் சொல்லோணும், 'யாராவது தோள் மாத்துங்கப்பா, பாய் கனமா இருக்காரு'ன்னு."